மஞ்சள் பையில் போன டீசல் பைப்

திருட்டுப் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் கேஸ் கொடுத்தவர் சந்தோஷப்படுவார், சாராள் அக்கா முதுகில் தட்டிக்கொடுப்பாள், மத்தியானம் பிரியாணி நிச்சயம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு மதுராந்தகத்தில் காரை நிறுத்தும்போது பூபாலன் இப்படித்தான் மனக்கோட்டை கட்டியிருந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. துப்பறியும் தொழிலுக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன், வாய் மட்டும் இன்னும் ஸ்டாண்டிலேயே இருக்கிறது.

சாராள் அப்படியில்லை. பதினெட்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மோதிய வண்டி, எரிந்த வண்டி, எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட வண்டி எல்லாவற்றுக்கும் அடியில் குனிந்து பார்த்தவள். நாற்பத்தெட்டு வயசில் அந்த வேலையை உதறிவிட்டு, செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகப் போர்டு மாட்டிவிட்டாள். அன்றைக்கு சர்ச்சுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடு நேராக வந்திருந்தாள்.

வீடு ஒரு சந்தின் மேல் கோடியில் இருந்தது. கேட்டைத் தாண்டினால் சந்து கிடுகிடுவென்று இறங்கும். நூறு தப்படியில் மெயின் ரோடு, பஸ்ஸும் லாரியும் நிற்காமல் போகிற ரோடு. கேட்டுக்கு உள்ளே சிமெண்டுத் தரையில் நின்றது வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஃபோர் வீல் டிரைவ் வேகன். பாதி உடம்பு பச்சை, மீதி ரெட் ஆக்சைடு.

"பேரு இன்னா சார் வெச்சிகீறீங்க?" என்றான் பூபாலன்.

"கருடன்."

"பறக்குமா?"

"முதல்ல நகரட்டும்ப்பா," என்றார் வெங்கடராகவன்.

ஐம்பத்தேழு வயசு, ஹைஸ்கூலில் வரலாறு வாத்தியார். பத்து விரலில் மூன்றில் பிளாஸ்திரி. ஆறு மாசத்துக்கு முன்னால் ஸ்பானர் என்றால் என்ன என்றே அவருக்குத் தெரியாதாம். இந்த வண்டியை வாங்கிப் போட்டு, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டாராம். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பூபாலனுக்கே பிடித்துவிட்டது. புதுசாக சைக்கிள் ஓட்டக் கற்றவன் ஊரெல்லாம் பெல் அடிப்பானே, அந்த முகம்.

"மூணு வாரத்துல மூணு திருட்டு," என்றார். "மூணும் நான் ஸ்கூலுக்குப் போன நேரம், பட்டப் பகல்ல. மொதல்ல ஸ்டார்ட்டர் ஒயர் போச்சு. அடுத்த வாரம் ஃபேன் பெல்ட். ரெண்டையும் கடையில வாங்கி மாட்டினேன். இப்ப டீசல் பைப்பை அடிச்சிண்டு போயிட்டான். இந்த மாடல் நின்னு முப்பது வருஷம் ஆச்சு. தாம்பரம், புதுப்பேட்டை எல்லாம் அலைஞ்சாச்சு. எங்கேயும் கிடைக்கல."

"அவசரம் இன்னா சார்? மெதுவா கண்டுபிடிக்கலாமே," என்றாள் சாராள்.

"இன்னிக்கு எங்களுக்கு முப்பதாவது கல்யாண நாள். நானே சரி பண்ணின வண்டியில மாமல்லபுரம் கூட்டிண்டு போறேன்னு பெருந்தேவிகிட்ட ஆறு மாசமா சொல்லிண்டிருக்கேன். நாலரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சுடும். அதுக்கு முன்னாடி வண்டி வாசலைத் தாண்டணும்." பிளாஸ்திரி போட்ட விரலால் பானெட்டை ஒரு தடவை துடைத்தார். "ஸ்டாஃப் ரூம்ல 'கருடன் முட்டையை விட்டு வெளிய வந்துடுத்தா சார்'னு தினம் கேக்கறா. தெருவுல நான் குனிஞ்சாலே சிரிக்கிறா. ஒரே ஒரு தடவை இது ஓடிடணும்மா. அதுக்கப்புறம் எவ்வளவு வேணா சிரிச்சுக்கட்டும்."

சாராள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டாள். டீசல் பைப் இருந்த இடம் காலி. ஆனால் பம்பின் வாய் திறந்து கிடக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் காகிதத்தை மடித்து மூடி, பச்சை நைலான் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இது நீங்க கட்டுனதா?"

"இல்லையே. நான் வரும்போதே அப்படித்தான் இருந்தது."

"பேட்டரி புதுசு, தொடல. டயர் புதுசு, தொடல. ஒரு பைப்ப மட்டும் கழட்டிட்டு, உள்ள தூசி போகக் கூடாதுன்னு வாய மூடிட்டுப் போயிருக்கான்."

"மரியாதையான திருடன்க்கா," என்றான் பூபாலன். "அடுத்த வாட்டி வந்தா வாட்டர் வாஷ் பண்ணி வெச்சிட்டுப் போவான்."

சாராள் அந்த முடிச்சை நகத்தால் நிமிண்டிப் பார்த்தாள். "வலை பின்றவங்க போடுற முடிச்சு இது. வண்டிய யார்கிட்ட வாங்குனீங்க?"

வாத்தியார் முகம் சுருங்கியது. "சதுரங்கப்பட்டினத்துல ஏசுபாதம்னு ஒருத்தர். பத்து வருஷம் இதை வெச்சுத்தான் படகெல்லாம் கரையில இழுத்துப் போட்டிண்டிருந்தார். டிராக்டர் வாங்கினதும் எனக்கு வித்துட்டார். வித்துட்டு சும்மா இருக்கணுமோ இல்லையோ? வண்டியைப் பார்க்கணும்னு ஒரு மாசம் முன்னாடி வந்து நின்னார். உள்ள விட்டேன். இதை அப்படிச் செய்யாதே, அதை இப்படி மாட்டாதேன்னு ஒரே குத்தம். இனிமே கேட்டுக்குள்ள காலை வைக்காதீங்கோன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்."

பூபாலன் கையைத் தட்டிக்கொண்டான். "கேஸ் முடிஞ்சிச்சு. வித்ததுல மனசு ஆறல, துண்டு துண்டா திரும்பக் கொண்டுகினு போறாரு. இன்னும் ரெண்டு வருஷத்துல முழு வண்டியும் அவரு வூட்ல நிக்கும்."

சாராள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்தாள். "வீலுக்கு இன்னா போட்டீங்க?"

"விளக்கெண்ணெய்," என்றார் வெங்கடராகவன் பெருமையாக. "எங்க குடும்பத்துக்கு ஏழு தலைமுறையா பெருமாள் தேருக்கு எண்ணெய் விடற கைங்கர்யம். சக்கரம் கிரீச்சுன்னா எங்களுக்குத் தூக்கம் வராது. நானே நாலு சக்கரத்தையும் கழட்டி விட்டு மாட்டினேன். இப்ப ஒரு முனகல் இருக்காது."

பேரிங்குக்குப் போட்டிருப்பார், கிரீஸ் கிடைக்கவில்லை போல, என்று நினைத்துப் பூபாலன் தலையை ஆட்டினான். இதைப் பின்னால் நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டான்.

"இந்தக் கட்டையெல்லாம்?" ஒவ்வொரு டயருக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மொத்தம் எட்டு மரக் கட்டைகள், கரும்பழுப்பில், ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கினது. "சமதரையில நிக்கிற வண்டிக்கு எட்டு கட்டையா?"

"அதுவா? பெருந்தேவி வேலை. அவ பொறந்தாத்துல தேருக்கு முட்டுக்கட்டை போடறவா. உருள்ற சாமான் எதைக் கண்டாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது."

பெருந்தேவி அந்த நேரம் பார்த்துக் காப்பியோடு வந்தாள். ஒல்லியான உடம்பு, ஐம்பது வயசைத் தாண்டியிருக்கும். டம்ளரை நீட்டினாளே தவிர யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மூணு தடவையும் நீங்க வீட்லதான இருந்தீங்கம்மா? சத்தம் ஒண்ணும் கேக்கலியா?" என்று சாராள் கேட்டாள்.

"மிக்ஸி ஓடிண்டிருந்தது."

"மூணு நாளுமா?"

"மூணு நாளும் சட்னிதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

*

சதுரங்கப்பட்டினத்துக்குப் போய்ச் சேரும்போது ஒரு மணி. கோட்டைச் சுவரைத் தாண்டி மணலில் காரை நிறுத்தினார்கள். ஏசுபாதம் வீட்டில் இல்லை. கல்பாக்கத்தில் மகள் வீட்டு விருந்துக்குப் போயிருக்கிறார், ரெண்டரைக்கு வந்துவிடுவார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

"நான் இந்த நிழல்ல உக்காந்து கொஞ்சம் யோசிக்கிறேன்," என்றாள் சாராள். "நீ கார்கிட்டயே இரு. எதையும் தொடாத."

எதையும் தொடாதே என்று சொன்னால் பூபாலனுக்குக் கை அரிக்கும். பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தான். பிறகு படகுகளுக்குப் பின்னால் இருந்த ஓலைக் கொட்டகைக்குள், மழைக்கு ஒதுங்குகிறவன் போல, சுள்ளென்று வெயில் அடிக்கும்போது நுழைந்தான். எஞ்சின், கயிறு, டீசல் கேன். ஆணியில் ஒரு மஞ்சள் பை. கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பை. உள்ளே கையை விட்டான்.

ஸ்டார்ட்டர் ஒயர். ஃபேன் பெல்ட். ரெண்டு முனையிலும் துணி அடைத்து, துடைத்துப் பளபளவென்று வைத்த டீசல் பைப்.

பூபாலனுக்கு அந்த இடத்திலேயே ஒரு குத்து ஆட்டம் போட வேண்டும் போலிருந்தது. எட்டு மாசமாக அக்கா கண்டுபிடிப்பதும் இவன் வாய் பார்ப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு முதல் முறையாகப் பொருள் இவன் கையில். வெளியே ஹாரன் கேட்டது. மதுராந்தகம் மார்க்கெட்டுக்குப் போகிற மீன் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவர் யாரென்று பார்த்தால், பழைய ஷேர் ஆட்டோ கூட்டாளி.

"மச்சான், ஏரிக்கர சந்துல வாத்தியார் வூடு. மேல் கோடில ஓட்ட வண்டி ஒண்ணு நிக்கும். இந்தப் பைய அவரு கைலயே குடுத்துட்டுப் போயிடு."

மீன் வண்டி கிளம்பியது. இவன் உடனே வாத்தியாருக்குப் போன் போட்டான். "சார், பைப்பு கெட்ச்சிச்சு. வந்துகினே கீது. மூணு மணிக்கெல்லாம் உங்க கையில. மாட்டுங்க, ஸ்டார்ட் பண்ணுங்க, போய்க்கினே இருங்க."

"பூபாலா, நீ நன்னா இருப்பே," என்றார் வெங்கடராகவன். இவனுக்குக் கண் லேசாகக் கலங்கியது. அக்காவிடம் உடனே சொல்லவில்லை. ஏசுபாதம் வந்து, 'நான் எடுக்கலே' என்று சாதிக்கும்போது பட்டென்று போட்டு உடைக்கலாம் என்று வைத்துக்கொண்டான்.

ஏசுபாதம் சாதிக்கவேயில்லை. அங்கேதான் முதல் அடி விழுந்தது.

அறுபது வயசு இருக்கும், கதவகலத்துக்கு நெஞ்சு. வந்தவர் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து, சாராள் கேட்டு முடிக்குமுன்பே, "ஆமாம்மா, நாந்தான் எட்த்தேன்," என்றார். "வெச்சிகினு உருக்கியா குடிக்கப் போறேன்? தொடச்சி வெச்சிகீறேன். அந்தாளு பிரேக்க சரி பண்ற அன்னிக்கு அதுவா திரும்பப் பூடும்."

"பிரேக்குக்கு இன்னா?" என்றான் பூபாலன்.

"இன்னாவா? பிரேக் அடிச்சா கிரீச்சுன்னு கத்துச்சாம். பழைய வண்டி, உப்புத் தண்ணில நின்ன வண்டி, கத்தத்தான் செய்யும். இவரு நாலு வீலயும் கழட்டி, டிரம்முக்குள்ள, பிரேக் ஷூ மேல, பஞ்ச வெச்சி வெளக்கெண்ண தடவிக்கீறாரு. நாலுக்கும். பாக்க வந்த அன்னிக்கு எனக்குக் காட்டினாரு, சந்தோசமா. எனக்கு ஈரக்கொலயே நடுங்கிப்போச்சு."

ஷேர் ஆட்டோ ஓட்டியவனுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் ஷூ டிரம்மைக் கவ்விப் பிடித்தால்தான் வண்டி நிற்கும். எண்ணெய் தடவிய ஷூ எதைக் கவ்வும்? பெடலை அமுக்கினால் வழுக்கிக்கொண்டு போகும். அதுவும் அந்தச் சந்தில், அந்த இறக்கத்தில், கீழே பஸ் போகிற ரோட்டில்.

"தேரு குடும்பம்," என்றாள் சாராள் மெதுவாக. "சக்கரம் கத்துனா எண்ணெய் விடணும், அவங்க வூட்ல தெரிஞ்சது அவ்ளோதான். தேர நிறுத்தறது எண்ணெய்க்காரங்க வேலையில்ல. அது கட்டைக்காரங்க வேலை. ஏழு தலைமுறையா நிறுத்தறத பத்தி யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாத மனுசன் பிரேக்க பிரிச்சிருக்காரு."

"அத்தத்தான் சொன்னேன். படகு இழுக்கறவனுக்கு இன்னா தெரியும்னு வெளிய அனுப்பிட்டாரு. மத்ததெல்லாம் பிரமாதமா செஞ்சிக்கீறாரும்மா, பொய் சொல்லல. அந்த எஞ்சின என்னாலயே அப்டி எழுப்பியிருக்க முடியாது. அதான் மனசு கேக்கல. வண்டி ஓடாம இருந்தா ஆளு உசுரோட இருப்பாரு."

"கேட்டுக்குள்ள மூணு தடவை எப்படிப் போனீங்க?"

ஏசுபாதம் கடலைப் பார்த்தார்.

"வேணாம், சொல்லாதீங்க," என்று சாராள் சிரித்தாள். "எட்டு கட்டை சொல்லிடுச்சு. மூணு நாள் சட்னியும் சொல்லிடுச்சு. வண்டி உருண்டுடுமோன்னு பயந்து கட்டை வெச்ச அம்மாதான் உங்களுக்குக் கேட்டைத் தொறந்து விட்டது. இன்னொண்ணு வேணும்னா, எடுத்ததெல்லாம் எதுல போட்டு வெச்சிருக்கீங்கன்னு காட்டுங்க. அந்த வீட்டுப் பையாத்தான் இருக்கும்."

பெரியவர் தோற்றுப்போய்த் தலையைச் சொறிந்தார். "அந்தம்மா யாரையும் வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க. காப்பி குடுத்து, வெத்தல பாக்கு, தேங்கா வெச்சி, அவங்க பொண்ணு கல்யாணப் பையி ஒண்ணு குடுத்தாங்க. அதுலதான் மூணும் கீது."

"திருடனுக்குத் தாம்பூலம் குடுத்து அனுப்புன வீட்டை இப்பதான் பாக்கறேன்," என்றாள் சாராள். பிறகு திரும்பினாள். "பூபாலா, உனக்கு ஏன்டா இப்படி வேர்க்குது?"

பூபாலன் சொன்னான். மீன் வண்டி, மஞ்சள் பை, மூன்று மணி. சொல்லச் சொல்ல அவன் குரல் அவனுக்கே கேட்காமல் போனது. சாராள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றேகால்.

*

காரை ஓட்டியது பூபாலன். பின்சீட்டில் ஏசுபாதம், மடியில் ஒரு சாக்கு. வாத்தியாரின் போன் மணி அடித்துக்கொண்டேயிருந்தது, எடுக்க ஆளில்லை. வீடியோ பார்க்க வண்டிக்கு அடியில் சாய்த்து வைத்திருப்பார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போதுதான் பெருந்தேவி போனை எடுத்தாள். சாராள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மீன் வண்டி வந்துதும்மா," என்றாள் பெருந்தேவி. குரல் உடைந்திருந்தது. "பையைப் பார்த்துட்டார். பொண்ணு மானசா கல்யாணத்துல மிஞ்சின பை எங்காத்து அலமாரியைத் தவிர வேற எங்க இருக்கும்? என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசல. பைப்பை மாட்டிட்டார். இப்ப குளிக்கப் போயிருக்கார்."

"பிரேக் விஷயத்தச் சொல்லிடுங்கம்மா. இனிமே மறைக்க வேணாம்."

"சொன்னேன். 'இன்னும் எத்தனை பொய் பாக்கி இருக்கு'ன்னு கேட்டார். ஊரே சிரிச்சப்போ தாங்கிண்டேன், நீயுமான்னு கேட்டார். அதுக்கு மேல நான் என்ன பேசறது? தனியாவே போறேன்னுட்டார்."

ஒரு சபாஷ் வாங்க ஆசைப்பட்டு ஒரு மனுஷனுக்கு எமனாகப் போகிறோமே என்று பூபாலன் நினைத்தான். ஆக்ஸிலேட்டரை அமுக்கினான்.

"நாலரைக்குள்ள வந்துடுவோம்," என்றாள் சாராள். "அதுவரைக்கும் எப்படியாவது..."

"எட்டு கட்டை இருக்கு," என்றாள் பெருந்தேவி. அழுகை நின்றுபோயிருந்தது. "நீங்க வாங்கோ. நான் சந்துல நிக்கறேன்."

படாளத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் ஏறும்போது நாலு மணி. அதற்கப்புறம் பூபாலன் ஓட்டிய ஓட்டத்துக்கு ஏசுபாதம் ரெண்டு தரம் ஜெபம் செய்தார்.

சந்தின் கீழ் முனையில் காரைப் போட்டுவிட்டு மூன்று பேரும் இறங்கியபோது மேலே எஞ்சின் சத்தம் கேட்டது. நல்ல கம்பீரமான சத்தம். கருடன் கேட்டைத் தாண்டி வெளியே வந்துகொண்டிருந்தது. முன்னால் மாலை, கண்ணாடியில் சந்தனம். வெங்கடராகவன் பட்டு வேட்டியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரெண்டு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு ஜனம் வேடிக்கை பார்த்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

முதல் பத்து தப்படி அழகாக வந்தது. பிறகு இறக்கம் இழுத்தது. வாத்தியார் பிரேக்கை அமுக்கினார். தெரியாத்தனமாகக் கிளட்சையும் சேர்த்து அமுக்கினார். வண்டி சத்தமே இல்லாமல், ஒரு முனகல் இல்லாமல், வேகம் பிடித்தது. ஹாண்ட் பிரேக்கை இழுத்தார். படகு இழுத்த காலத்திலேயே கம்பி அறுந்துபோன ஹாண்ட் பிரேக் அது. கையோடு வந்தது.

"சார், கிளட்ச விடுங்க," என்று பூபாலன் கத்திக்கொண்டே மேலே ஓடினான். அவர் காதில் எதுவும் விழவில்லை.

அப்போதுதான் பெருந்தேவியைப் பார்த்தான். மாம்பழ நிறப் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சந்தின் ஓரமாக, பின்சக்கரத்தோடு சக்கரமாக வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் கட்டை. பதற்றமே இல்லை. கண் மட்டும் டயரும் தரையும் சேருகிற இடத்தில் ஒட்டியிருந்தது. குனிந்து முதல் கட்டையைத் தள்ளினாள். சக்கரம் அதன் மேல் ஏறித் தடுக்கி இறங்கியது. வேகம் பாதியாகக் குறைந்தது. நாலு தப்படி ஓடி அடுத்ததைப் போட்டாள். வண்டி மூக்கை ஆட்டிக்கொண்டு இடது பக்கம் சுவரோரமாகத் திரும்பியது. அவள் ஓடிய ஓரத்தில் மற்ற ஆறும் வரிசையாகக் காத்திருந்தன, முன்கூட்டியே அளந்து வைத்த மாதிரி. மூன்றாவது, நாலாவது. ஐந்தாவது கட்டை முன்சக்கரத்துக்கு அடியில் நறுக்கென்று கவ்வியது.

கருடன் நின்றது. மெயின் ரோட்டுக்கு ஆறு அடி இருந்தது. திண்டிவனம் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி அந்த ஆறு அடிக்கு அப்பால் விருட்டென்று போனது.

வெங்கடராகவன் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை.

"பிரேக் பிடிக்கல," என்றார் கடைசியில்.

"தெரியும்," என்றாள் பெருந்தேவி. மூச்சு வாங்கியது.

"எப்பலேர்ந்து?"

"நீங்க எண்ணெய் விட்ட மறுநாள்லேர்ந்து. அவர் வந்து சொன்னப்போ நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னிண்டிருந்தேன்."

"என்கிட்ட அன்னிக்கே சொல்லக் கூடாதோ?"

"எப்படிச் சொல்றது? அவர் சொன்னதுக்கே நாலு நாள் சாப்பிடாம இருந்தேள். இந்த வண்டி வந்தப்புறம்தான் பழையபடி பாட்டு முணுமுணுக்கறேள். அதை நானே கெடுக்கணுமா? உங்களைப் பார்த்துச் சிரிக்கிறவளா இருந்திருந்தா, மொதல் நாளே பட்டுன்னு சொல்லியிருப்பேன்."

வாத்தியார் இறங்கினார். "பையைப் பார்த்ததும் நீயும் அவா பக்கம் போயிட்டேன்னு நெனச்சுட்டேன். முப்பது வருஷத்துல இன்னிக்கு மத்தியானம் மாதிரி நான் கஷ்டப்பட்டதே இல்ல, பெருந்தேவி."

"எனக்கு மட்டும் என்ன," என்று சொல்லி அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினார். காருக்குப் பக்கத்தில் சாக்கை அணைத்துக்கொண்டு ஏசுபாதம் தள்ளியே நின்றிருந்தார். வெங்கடராகவன் அவரிடம் நடந்து போனார்.

"கேட்டுக்குள்ள வராதீங்கோன்னு சொன்னேன் உங்களை."

"அதுக்கின்னா சார்," என்றார் ஏசுபாதம். "வண்டி இப்ப கேட்டுக்கு வெளியதான கீது."

சந்து முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை வெங்கடராகவனும் சேர்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணி வருகிறவரை. ஏசுபாதம் சாக்கைத் தரையில் கவிழ்த்தார். எண்ணெய் படாத பழைய பிரேக் ஷூ நாலு செட், ஒரு பாட்டில் பெட்ரோல், உப்புத்தாள். வண்டியை விற்கும்போது இதையும் சேர்த்துக் கொடுக்க மறந்துவிட்டாராம். மறக்கவில்லை, மனசு வரவில்லை என்று பூபாலனுக்குத் தோன்றியது.

"மணி நாலு முப்பத்தஞ்சு," என்றாள் சாராள். "ராகு காலம் வந்துடுச்சு. ஆறு மணி வரைக்கும் வண்டிய நகத்தக் கூடாதுல்ல சார்?"

"கூடாது."

"அப்போ இங்கயே பிரிச்சிடலாம்." உப்புத்தாளை எடுத்துப் பூபாலன் கையில் திணித்தாள். "மீன் வண்டியில பார்சல் அனுப்புன துப்பறியும் புலி நாலு டிரம்மையும் தொடைக்கும். ஒரு சொட்டு எண்ணெய் இருக்கக் கூடாது."

"பிரியாணி?"

"நாலு வீலுக்கு அப்புறம்."

ஜாக்கி வந்தது. வெங்கடராகவன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏசுபாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "மொதல்லேர்ந்து சொல்லுங்கோ," என்றார். "எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எல்லாம்." பூபாலன் விளக்கெண்ணெயை வழித்து வழித்துத் துடைத்தான். அவன் உடம்பில் மீன் வாசனையும் எண்ணெய் வாசனையும் போட்டி போட்டன. இந்தக் கேஸுக்குத் திருடன் பெயர் என்று ரிப்போர்ட்டில் யாரைப் போடுவது என்று அக்காவைக் கேட்டான். திருட்டே நடக்கவில்லை, பொருள் கொஞ்ச நாள் தாம்பூலத்தோடு ஊருக்குப் போய் வந்தது என்று எழுது என்றாள்.

எல்லாம் முடிய ஏழு ஆகிவிட்டது. கடற்கரைக் கோயில் நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும், இன்றைக்கு ஏரிக்கரை மட்டும் போதும் என்று முடிவானது. வெங்கடராகவன் ஏறி, ஸ்டார்ட் செய்து, நாலு அடி மேலே போய் பிரேக்கை அமுக்கினார்.

கிரீச்சென்று தெருவே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். நாய் ஒன்று எழுந்து ஓடியது. வண்டி குத்திட்டு நின்றது.

வாத்தியார் காதைக் கொடுத்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். தூக்கம் வராமல் செய்கிற சத்தம்தான். ஆனாலும் அவர் எண்ணெய்ச் செம்பைத் தேடவில்லை. பெருந்தேவி சுற்றிக்கொண்டு போய், ஆறு மாசத்தில் முதல் தடவையாகக் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

ஒரு கட்டையை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.